ஜாவாவா, பைத்தானா? புத்தூரிலிருந்து ஓர் ஒப்பாய்வு

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் இறங்கி வயலூர் சாலையில் பிஷப் ஹீபர் கல்லூரிப் பக்கம் நடந்தாலும் சரி, எதிர்ப்பக்கம் தில்லைநகர் குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்தாலும் சரி, மாடிப்படி ஓரத்துப் பயிற்சி மையப் பலகைகளில் இரண்டு பெயர்கள் மாறி மாறிக் கண்ணில் படும். ஒன்று ஜாவா ஃபுல்ஸ்டாக், மற்றொன்று பைத்தான் ஃபுல்ஸ்டாக். பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் முடிக்கும் பிள்ளை இதில் எதற்குப் பணம் கட்டுவது என்று வீட்டில் ஆலோசனை நடக்கும். அந்த வாரம் ஊருக்கு வந்திருக்கும் சென்னை ஐ.டி. மாமாவிடம் கேட்பார்கள். மாமா எதில் வேலை பார்க்கிறாரோ அதையே சொல்லிவிட்டு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்விடுவார்.

மாமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. திருச்சிக் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை இந்தக் கேள்வியைச் சந்தித்தே வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் லோயரா ஹயரா, கூடவே சுருக்கெழுத்தும் வேண்டுமா என்பது பேச்சாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் 2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாற்றைச் சரிசெய்ய ஆள் தேவைப்பட்டபோது கோபால் (COBOL) மொழி படித்தவர்கள் விமானம் ஏறினார்கள். அதன்பின் ஜாவா வந்தது. இப்போது பைத்தான். ஒவ்வொரு முறையும் மொழியின் பெயரைச் சொல்லிக் கேட்டோம். உண்மையில் தேர்ந்தெடுத்தது எந்த மாதிரி அலுவலகத்தில், என்ன வேலை செய்து காலம் தள்ளப் போகிறோம் என்பதைத்தான். இந்த இரண்டு மொழிகளையும் அந்தக் கண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் வயது. ஜாவா கிழடு, பைத்தான் புதுசு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். விஷயம் தலைகீழ். கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991இல் அது வெளியே வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு வீட்டு மின்சாதனங்களுக்காகத் தொடங்கிய ஜாவா 1995இல்தான் உலகத்துக்கு அறிமுகமானது. பைத்தானுக்கு நான்கு வயது அதிகம். ஆனால் ஜாவாவுக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் நின்றது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோது அந்த இடத்துக்கு இன்னொரு பெரிய நிறுவனம் வந்தது. வங்கியும் காப்பீடும் தொலைபேசி நிறுவனங்களும் நம்பிக் கைவைக்க அது போதுமானதாக இருந்தது. பைத்தான் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடங்களிலும் சர்வர் பராமரிப்பவர்களின் மேசையிலும் சத்தமில்லாமல் வளர்ந்தது. நம்பை, பாண்டாஸ் என்ற தரவு நிரல்தொகுப்புகள் வந்து, பிறகு 2015இல் மெஷின் லேர்னிங்குக்கான டென்சர்ஃப்ளோவைக் கூகுள் வெளியிட்டு, அடுத்து பைடார்ச்சும் வந்தபோதுதான் ஊர் முழுக்க அதன் பெயர் கேட்டது.

இந்தப் பிறப்பு வரலாறு குணத்திலும் இருக்கிறது. ஜாவா எழுதுபவரைச் சந்தேகப்படும் மொழி. ஒரு வரி அச்சடிக்கக்கூட 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்' என்று முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அர்த்தம் தெரியாமலே அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய தலைமுறை ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. (2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல் இந்தச் சடங்கு பெருமளவு தளர்ந்துவிட்டது. பாடத்திட்டத்துக்கு அது எப்போது வந்து சேருமோ!) பைத்தான் எழுதுபவரை நம்பும் மொழி. ஒரே வரி, வேலை முடிந்தது.

நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. விடுதி மெஸ் கட்டணம் 500 ரூபாய், இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட வேண்டும் என்று வையுங்கள். படிவத்திலிருந்து வந்த அந்த 500 எண்ணாக மாற்றப்படாமல் எழுத்தாகவே இருந்துவிட்டது. பைத்தானில் அதை இரண்டால் பெருக்கினால் பிழை எதுவும் வராது. அந்த எழுத்துகளை இரண்டு முறை அடுத்தடுத்து ஒட்டி 500500 என்று கொடுத்துவிடும். மாணவனின் அப்பாவுக்கு ஐந்து லட்சத்து ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது போகும். ஜாவாவில் இந்த நிரல் கம்பைலையே தாண்டாது. எழுத்தைப் பெருக்க முடியாது என்று அங்கேயே நிறுத்திவிடும். பைத்தானிலும் 2015 முதல் வகைக்குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது, அதைச் சரிபார்க்கக் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் அது எழுதுபவர் விருப்பம். ஜாவாவில் கட்டாயம்.

இருநூறு வரிக்கு இந்த வித்தியாசம் வெறும் தொல்லை. இருபது லட்சம் வரி, நூறு பேர், அதில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்ற நிலையில் அந்தத் தொல்லைதான் காப்பாற்றுகிறது. வங்கிகள் ஜாவாவை விடாததற்கு அதன் அழகு காரணமில்லை. எவரோ எழுதிவிட்டுப் போனதை இன்னொருவர் தொட்டால் எது உடையும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிகிறது, அதுதான் காரணம்.

வேகத்திலும் இதே கதைதான். வெறும் கணக்கைச் சுற்றிச் சுற்றிப் போடச் சொன்னால் ஜாவாவுக்குப் பல மடங்கு பின்தங்கும் பைத்தான். அப்படியிருந்தும் செயற்கை நுண்ணறிவு முழுக்க அதில்தானே ஓடுகிறது என்று கேட்கலாம். அங்கே பாரம் இழுப்பது சி, சி++ நிரல்களும் கிராஃபிக்ஸ் சிப்புகளும். பைத்தான் அவற்றுக்கு உத்தரவு போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வேலைச் சந்தையில் இதன் விளைவு பெரியது.

அந்தச் சந்தைக்கு வருவோம். தமிழ்நாட்டு மாணவர் எங்கே எந்த மொழியைச் சந்திக்கிறார்? மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டில் பைத்தான். சி.பி.எஸ்.இ.யிலும் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலேயே முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவுக்கும் பைத்தானை வைத்துவிட்டது. சிவில் படிப்பவரும் மெக்கானிக்கல் படிப்பவரும் அதை எழுதித்தான் தேற வேண்டியிருந்தது. 2021 பாடத்திட்டத்திலும் அது தொடர்ந்தது. அவற்றில் ஜாவா பெரும்பாலும் கணினித் துறை மாணவருக்குத்தான், அதுவும் முதல் வருஷம் தாண்டிய பிறகு வந்தது. ஆகவே 'பைத்தான் தெரியும்' என்பது இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தகுதியாகவே எடுபடுவதில்லை. ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரியைப் பார்த்து யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள்.

பைத்தானைக் கற்பது எளிது, பைத்தான் வேலையைப் பிடிப்பது கடினம். ஜாவாவில் இது அப்படியே திரும்பி நிற்கிறது. இந்த ஒப்பாய்வில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பைத்தான் கேட்டு வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மொழி முகப்பு மட்டும். தரவு அறிவியல் என்றால் புள்ளியியல் கேட்பார்கள், மெஷின் லேர்னிங் என்றால் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும். உத்தரவு போடும் இடத்தில் உட்கார வேண்டுமானால் என்ன உத்தரவு போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் அந்த இடங்களில் முதுகலைப் பட்டம் பெற்றவரும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் படித்தவரும் முன்னால் நிற்கிறார்கள். மிச்சம் இருப்பது ஜாங்கோவில் வெப் வேலை, டெஸ்டிங் ஆட்டோமேஷன், ஓடூ அல்லது இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற நிறுவன மென்பொருள்களைத் தேவைக்கேற்ப மாற்றித் தருவது. இந்த இரண்டு மென்பொருள்களும் பைத்தானில் எழுதப்பட்டவை. இவற்றைப் பற்றி நம் பயிற்சி மையங்களில் பேச்சே எழுவதில்லை. பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தை நம்பித் துவாக்குடியில் இயங்கும் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இன்னும் எக்செல்லிலும் டேலியிலும் ஸ்டாக் கணக்கைச் சமாளித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, உள்ளூரிலேயே ஒரு பைத்தான் பிழைப்பு காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஜாவா கேட்டு வரும் வேலைகளில் கேள்விகள் குறுகியவை, எதிர்பார்க்கக்கூடியவை. கலெக்‌ஷன்ஸ், எக்ஸப்ஷன், திரெட், ஸ்பிரிங் பூட், கூடவே எஸ்.க்யூ.எல். உட்கார்ந்து படித்தால் ஆறேழு மாதத்தில் ஒரு சுமாரான மாணவரும் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிடலாம். இடங்களும் அதிகம். வங்கி, காப்பீடு, விமானப் பயணம், இணைய வணிகம் என்று உலகம் முப்பது ஆண்டாக ஜாவாவில் எழுதிக் குவித்ததைப் பராமரிக்கவே பெரும்படை வேண்டியிருக்கிறது. சென்னையில் பன்னாட்டு வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் வைத்திருக்கும் மையங்களில் நடப்பதில் பெரும்பங்கு இதுதான். 1996இல் தொடங்கிய, இப்போது ஜோஹோ எனப்படும் நிறுவனமும் பெரும்பாலும் ஜாவா வீடுதான். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் போட்ட பிறகு, ஜாவா படித்தால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற கணக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

இங்கே ஒரு குறுக்குச் சால். திருச்சியில் பிறந்த கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அந்த நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. ஃப்ரெஷ்டெஸ்க் எழுதப்பட்ட மொழி ஜாவாவும் இல்லை, பைத்தானும் இல்லை. ரூபி. நம் ஊர்க்காரர் பெரிய வெற்றி கண்டது, எந்த மாமாவும் சிபாரிசு செய்யாத மொழியின் மேல்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ வழியாகப் பெரிய சேவை நிறுவனங்களுக்குள் போகிறவருக்கு இந்தத் தேர்வே கையில் இல்லை. டி.சி.எஸ். போன்றவர்களின் தகுதித் தேர்வில் சி, ஜாவா, பைத்தான் என எதில் வேண்டுமானாலும் நிரல் எழுதலாம். தேறிச் சேர்ந்த பிறகு எந்தப் பிரிவில் பயிற்சி என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. பைத்தானில் கில்லாடியாக இருந்தவரை மெயின்ஃபிரேமில் போடுவார்கள். ஜாவாவை உருப்போட்டவர் டெஸ்டிங்கில் உட்காருவார். தொடக்கச் சம்பளமும் மொழியைப் பார்த்து மாறுவதில்லை. பல ஆண்டுகளாக அது வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அப்படிச் சேருபவருக்கு மொழி கணக்கில் வருவது இரண்டாவது வேலைக்கு மாறும்போதுதான்.

சம்பளத்தை விட்டுவிட்டு மனநிறைவைப் பார்த்தால் தராசு வேறு மாதிரி ஆடுகிறது. நிரலாளர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கப்படும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில் 2023ஆம் ஆண்டு, பைத்தானைப் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதிலேயே தொடர விரும்புவதாகச் சொன்னார்கள். ஜாவாவில் அந்தப் பங்கு பாதியைக்கூடத் தொடவில்லை. பைத்தான்காரர்கள் சந்தோஷமானவர்கள் என்று பயிற்சி மையங்கள் இதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று புரியும். வேலையில் பெரிய எரிச்சல் எது என்ற கேள்விக்கு 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சொன்ன பதில் தொழில்நுட்பக் கடன். அதாவது முன்னால் இருந்தவர்கள் அவசரத்தில் ஒட்டுப்போட்டு விட்டுப்போன பழைய நிரலோடு மல்லுக்கட்டுவது.

ஜாவாக்காரரின் சலிப்பு பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. 2014இல் வந்த ஜாவா 8இல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகள் ஏராளம். புதிய பதிப்புகளில் மொழி எவ்வளவோ சுகமாகிவிட்டது, அந்தச் சுகம் பழைய ப்ராஜெக்டில் மாட்டியவருக்குக் கிடைப்பதில்லை. சப்போர்ட் ப்ராஜெக்ட், அமெரிக்க நேரம், ராத்திரி இரண்டு மணிக்கு டிக்கெட். அதற்கு மொழியைத் திட்டுகிறோம். பைத்தான் பக்கமும் கடன் இல்லாமல் இல்லை. 2008இல் பைத்தான் 3 வந்தது. பழைய பைத்தான் 2க்கு 2020 தொடக்கத்தில்தான் முற்றுப்புள்ளி வைத்தார்கள். நடுவில் பதினொரு வருஷம் இரண்டு பதிப்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தன் மடிக்கணினியில் ஓடியது சர்வரில் ஏன் ஓடவில்லை என்று பேக்கேஜ் பதிப்புகளைத் தேடி அலையும் வேலை இன்றும் தீரவில்லை.

தரவு வேலையைப் பற்றிய கனவையும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். புத்தூரிலேயே இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற ஒரு பெரிய மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளை ஆராயச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயைக் கணிக்கும் மாதிரி கடைசி வாரத்தில்தான் வரும். அதற்கு முன்னால் ஊர் என்ற கட்டத்தில் திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டியிருப்பதை ஒன்றாக்க வேண்டும், வயது 450 என்று இருப்பதை 45ஆ 50ஆ என்று விசாரிக்க வேண்டும், தந்தை பெயரும் கணவர் பெயரும் இடம் மாறியிருப்பதைப் பிரிக்க வேண்டும். பொறுமை இருப்பவருக்கு இதில் ஒரு துப்பறியும் இன்பம் உண்டு. இல்லாதவருக்கு இது கணக்குப்பிள்ளை வேலை. பைத்தான் தரும் மகிழ்ச்சி சீக்கிரம் வருவது, முதல் நாளே கையில் ஏதோ ஒன்று ஓடும். ஜாவா தரும் மகிழ்ச்சி தாமதமாக வருவது. ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு பெரிய அமைப்பின் ஒரு மூலையில் மாற்றம் செய்து, மற்ற எதுவும் உடையாமல் ராத்திரியோடு ராத்திரியாக அது ஓடத் தொடங்கும்போது வரும். எது உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்பதைச் சர்வே சொல்லாது.

தமிழோடு வேலை செய்ய ஆசைப்படுபவருக்கு மட்டும் தயங்காமல் பைத்தான் என்பேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியே பைத்தானில் கட்டப்பட்டது. அவரும் நண்பர்களும் வளர்த்த 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பும் அப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாவும் பைத்தானும் ஒற்றுமையாக 5 என்று தவறாகச் சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் கோளாறு இது. ஓப்பன் தமிழ் சரியாக 3 என்கிறது. சொல்திருத்தி, எழுத்துணரி, பேச்சு மாற்றி என்று தமிழுக்குச் செய்ய வேண்டியது இன்னும் மலையாகக் கிடக்கிறது. கணியம் இதழும் அறக்கட்டளையும் இவற்றைத் தமிழிலேயே படிக்க வழிசெய்திருக்கின்றன, காசில்லாமல். இந்த வேலையில் சம்பளம் உடனே வராது. மனநிறைவு வரும்.

நிரலை இப்போது ஏ.ஐ.யே எழுதிவிடுகிறதே, மொழி படித்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. அது இரண்டு மொழியிலும் சரளமாகத்தான் எழுதுகிறது. எழுதியது சரியா என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த 500500 ரசீதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.

ஊரை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு இரண்டுமே முழுப் பதில் இல்லை. நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, தில்லைநகரிலும் கண்டோன்மென்ட்டிலும் சிறிய அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தச் சிறிய இடங்களில் நான் அதிகம் பார்ப்பது ஜாவாவையும் பைத்தானையும் விட பி.எச்.பி.யும் வேர்ட்பிரஸ்ஸும்தான். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரமாகவே வேலைக்குப் போய் வருவது உங்களுக்கு முக்கியமென்றால், மொழியை முடிவு செய்வதற்கு முன்னால் அங்கே இருப்பவர்கள் எதில் எழுதுகிறார்கள் என்று போய் விசாரித்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷத்துக்குள் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தே தீர வேண்டிய பிள்ளைக்கு ஜாவாவும் எஸ்.க்யூ.எல்.லும். கணிதமோ புள்ளியியலோ இயற்பியலோ பிடித்துப் படிப்பவருக்கும், மெக்கானிக்கல், சிவில், மருத்துவம் என்று வேறொரு துறை கையில் வைத்திருப்பவருக்கும் பைத்தான், ஏனென்றால் அவர்களிடம் போடுவதற்கு உத்தரவு இருக்கிறது. இரண்டிலும் சேராதவர் ஜாவாவில் தொடங்கட்டும். ஜாவா தெரிந்தவர் பைத்தானுக்குத் தாவ ஒரு மாதம் போதும், திரும்பி வருவதற்குத்தான் நாளாகும். எந்த மையத்தில் சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன், போன வருஷம் படித்து முடித்தவர்களில் இருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேச விடாத மையத்தில் சேராதீர்கள்.